இந்திய மசி

அதிகாலை மூன்று ஐந்துக்கு
தாதி சுரைடா கையிலேயே கொண்டுவந்தாள்
இருளப்பனின் முதுகுத்தண்டிலிருந்து இறக்கிய நீரை.
மூன்று குப்பி.
தெளிந்த நீர்தான்.
ஊசி ஏறியதும் அளவுக்குழாயைத் தாண்டி
வழிந்ததாம், அவ்வளவு அழுத்தம்.

ஒரு சொட்டு நீர்
ஒரு சொட்டு மசி
மேலே ஒரு கண்ணாடிச் சில்லு.
புட்டியில் பெயர் இந்திய மசி
செய்தது ஜெர்மனியில்.

இந்தச் சோதனையில் அதற்குச் சாயம் ஏறாது.
சுற்றிலும் கறுக்கும்
கறுக்க மறுப்பது எதுவோ
அதுதான் பூஞ்சை.

வெளிச்சத்தைத் தணித்தேன்.
இருட்டில் வெள்ளை வட்டங்கள்
நடுவில் ஒவ்வொரு முத்து
ஒரு முத்தின் தோளில் இன்னொரு பொடி முத்து.
சொல்லக் கூடாது
அழகாயிருந்தது.

அந்த வெண்மை வெறும் சர்க்கரை
வெண்டைக்காய்ச் சாறுபோல் வழவழத்த மேலங்கி.
காவலுக்கு வந்த வெள்ளணு கையை நீட்டுகிறது
பிடிக்க ஒரு விளிம்பில்லை.
முகம் தேடுகிறது
முகமில்லை.
ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறது.

சிலது விடாப்பிடி. விழுங்கிவிடும்.
அங்கேதான் சங்கதி.
எல்லாம் கரைய வேண்டிய அந்த வயிற்றில்
இது பாய் விரிக்கிறது
பிள்ளை பெறுகிறது
காவலனின் வண்டியிலேயே ஏறி
மூளையின் வாசலைக் கடக்கிறது.
காவலன் வண்டியை யார் நிறுத்துவார்?
சில சமயம் நடுவழியில் இறங்கிக்கொள்வதும் உண்டு
வண்டியில் ஒரு கீறல் இருக்காது.
உள்ளே போனபின்
நாம் மகிழ்வதற்கென்று சுரப்பதை எடுத்து
தனக்கொரு கறுப்புச் சட்டை தைத்துக்கொள்கிறது.

படிவத்தில் தொழில்: துப்புரவு.
மிச்சத்தை சுரைடா சொன்னாள்.
சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீடு
ஹோட்டலாகப் போகிறது
கூரைக்கடியில் முப்பது வருஷப் புறா எச்சம்
காய்ந்து மாவாகி.
ஒரு மண்வெட்டி, ஒரு துணி முகமூடி
நாளுக்கு எழுபது வெள்ளி
நாலு நாள்.
முட்டி வலிக்கு பாசார் மாலாமில் வாங்கிய
பேரில்லாத உருண்டைகளில்
ஸ்டீராய்டு இருந்திருக்கலாம்
காவலர்கள் பாதித் தூக்கத்தில்.

பிறகு தலைவலி
பனடோல் பனடோல் பனடோல்.
பாலம் இரண்டாகத் தெரிகிறது என்றாராம் ஒருநாள்.
பினாங்குக்குப் பாலம் இரண்டுதானே என்று
கூட்டாளிகள் சிரித்திருக்கிறார்கள்.

குடியுரிமை: அல்ல.
அடையாள அட்டை: சிவப்பு.
பிறந்த இடம்: நிபோங் திபால்
ஏதோ ஒரு தோட்டத்து லயம்
பதிவு செய்ய அன்றைக்கு யாரும் போகவில்லை.
வயது நாற்பத்து மூன்று.
எத்தனை கவுண்டரோ
ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும்
இன்னொரு தாள் கேட்கும் ஒரு வாய்.
அவரை இன்னும் வாசலிலேயே வைத்து
விசாரிக்கிற ஊரில்
இது பேர்கூடச் சொல்லாமல் உள்ளே போயிருக்கிறது.

டாக்டர் ஊய்க்குப் போன் செய்தேன்.
"மொட்டு விட்ட ஈஸ்ட். உறை இருக்கிறது. நிறைய."
மறுமுனையில் பேனா தேடும் சத்தம்.
விடியுமுன் மருந்து ஏறும்
அந்த மருந்துக்கு உடம்பு உதறும்
கம்பளி போதாது.
பிழைப்பாரா என்பதை
என் மேசையில் யாரும் கேட்பதில்லை.
இரண்டாவது குப்பியை வளர்ப்புக்கு வைத்தேன்.

கையுறை கழற்றியபின்
புட்டியை மூடும்போதுதான் மசி கசிந்தது
இடது சுட்டுவிரல், நகக்கண் வரைக்கும்.
இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.
போன தேர்தலில் வைத்த அதே விரல்.

ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட்டு இறங்கினேன்.
அவர் வார்டைக் கடந்துதான் லிஃப்ட்.
கதவு திறந்திருந்தது
கையைச் சட்டைப் பைக்குள்
விட்டுக்கொண்டேன்.